செத்தது டிஸ்க், சாகவில்லை விண்டோஸ் உரிமை!

கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டது.

நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. இன்று காலை பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரை. அதில் இரண்டு வரி வெள்ளை எழுத்து. உள்ளே இருந்து "டக்... டக்... டக்" என்று ஒரு சத்தம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மெக்கானிக் காதை வைத்துக் கேட்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"அக்கா, ஹார்டு டிஸ்க் போயிருச்சு. புதுசு போடணும்."

"சரி தம்பி, போட்டுடு."

"விண்டோசும் புதுசா வாங்கணும் அக்கா. பழசு டிஸ்க்கோட போச்சு!"

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

டிஸ்க் போனது உண்மை. அதில் பதிந்திருந்த விண்டோஸ் போனதும் உண்மை. ஆனால் விண்டோசை ஓட்டுவதற்கு உங்களுக்கு இருந்த உரிமை போகவில்லை! பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில், அதற்காக இரண்டாம் தடவை ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டியது இல்லை.

போனால் வராத பொருள் ஒன்று அதே டிஸ்க்கில் உண்டு. மகள் கல்யாணப் படங்கள். பாட்டி பேசிய கடைசி வீடியோ. மகன் எழுதி வைத்த காலேஜ் பாடம். அதைப் பற்றி மெக்கானிக்கும் கேட்கவில்லை; அக்காவும் சொல்லவில்லை.

பீரோவும் பத்திரமும்

கம்ப்யூட்டரை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டு என்ற பெரிய பலகைதான் அந்த வீடு. எல்லாப் பாகங்களும் அதில்தான் வந்து சேருகின்றன. ஹார்டு டிஸ்க், வீட்டுக்குள் இருக்கும் பீரோ. படம், பாட்டு, கடிதம், கணக்கு எல்லாம் பீரோவில் இருக்கின்றன. விண்டோஸ் என்பது வீட்டை நடத்தும் நிர்வாகி. திரையில் எழுத்து வருவதும், விசைப்பலகையில் தட்டினால் கம்ப்யூட்டர் கேட்பதும் அந்த நிர்வாகியால்தான். அதை 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்கள்.

நிர்வாகி ராத்திரி தூங்குவதும் அந்தப் பீரோவுக்குள்தான்! பீரோ எரிந்தால் நிர்வாகியும் போய்விடுவார்.

ஆனால் வீட்டுப் பத்திரம்?

பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டால் வீடு பறிபோய்விடுமா? போகாது. பத்திர ஆபீசில் பதிவு இருக்கிறது. நகல் வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் உரிமையும் ஏறக்குறைய அப்படித்தான். பதிவு வேறு இடத்தில் இருக்கிறது. உரிமை பீரோவின் பெயரில் இல்லை. வீட்டின் பெயரில் இருக்கிறது.

இது எப்படி வந்தது? கொஞ்சம் பழைய கதை.

பில் கேட்சின் கோபம்

மைக்ரோசாப்ட் கம்பெனி அமெரிக்காவில் 1975-ல் தொடங்கியது. பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு நண்பர்கள் தொடங்கினார்கள். 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழிக்காக அவர்கள் எழுதிய மென்பொருளை ஒருவர் காசு கொடுத்து வாங்குவார். பத்துப் பேர் இலவசமாக நகல் எடுத்துக்கொள்வார்கள்.

பில் கேட்சுக்குக் கோபம் வந்தது. 1976 பிப்ரவரியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இப்படி நகல் எடுப்பது திருட்டு என்று அதில் பச்சையாகவே சொன்னார். அப்போது அவருக்கு வயது 20!

கடிதத்துக்குப் பலன் இல்லை. நகல் எடுப்பது நிற்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, கம்பெனி பூட்டே போட்டுவிட்டது.

2001-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி 'விண்டோஸ் எக்ஸ்.பி.' விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் போதாது. 25 எழுத்து கொண்ட சாவி எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு 30 நாட்களுக்குள் கம்பெனியிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கு 'ஆக்டிவேஷன்' என்று பெயர். பதிவு செய்யாவிட்டால், 30 நாள் கழித்து விண்டோஸ் உள்ளே விடாது!

அந்தப் பதிவில் கம்பெனிக்கு என்ன போகிறது? ஆள் அடையாளம் போகவில்லை. கம்ப்யூட்டரின் அடையாளம் போயிற்று. ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக் கம்பெனி ஒன்று இதை நோண்டிப் பார்த்து, 2001 ஜூலையில் விவரத்தை வெளியிட்டது. கம்ப்யூட்டரின் 10 அம்சங்களை விண்டோஸ் பார்க்கிறது என்று தெரிந்தது. பிராசசர், நினைவகத்தின் அளவு, நெட்வொர்க் அட்டை, படம் காட்டும் அட்டை, சி.டி. டிரைவ், ஹார்டு டிஸ்க் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன.

மனிதனுக்கு அங்க அடையாளம் எழுதுவது போல! வலது கன்னத்தில் மச்சம், இடது காலில் தழும்பு.

மச்சம் ஒன்று மறைந்தால் ஆள் மாறிவிட்டதாக அர்த்தம் இல்லை அல்லவா? விண்டோசும் ஒன்றிரண்டு மாறுதலைப் பொறுத்துக்கொண்டது. பல பாகங்கள் ஒரே சமயத்தில் மாறினால்தான் "நீ யார்?" என்று கேட்டது.

டெலிபோனில் இலக்கப் பாராயணம்

எக்ஸ்.பி. காலத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பதிவு செய்ததற்கான சீட்டை விண்டோஸ் அதே ஹார்டு டிஸ்க்கில்தான் எழுதி வைத்தது. டிஸ்க் போனால் சீட்டும் போயிற்று. புது டிஸ்க்கில் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.

இன்டர்நெட் இருந்தவர்களுக்குக் கவலை இல்லை. இல்லாதவர்கள் டெலிபோனை எடுக்க வேண்டும். திரையில் சுமார் 50 இலக்கங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை ஒன்று விடாமல் படிக்க வேண்டும். மறுமுனை திருப்பி 42 இலக்கங்கள் சொல்லும். அதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். நடுவில் குழந்தை அழுதால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்!

காசு கொடுத்து வாங்கியவனுக்கு இந்தத் தண்டனை. திருட்டு நகல் போட்டவனுக்கு இது எதுவும் இல்லை. இப்படிப் பலர் அந்த நாளில் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

சாவி பலகைக்குள் புகுந்தது

பிறகு நிலைமை மாறியது.

எக்ஸ்.பி. முதல் விண்டோஸ் 7 வரை, கம்ப்யூட்டரின் முதுகிலோ லேப்டாப்பின் வயிற்றிலோ ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். 25 எழுத்துச் சாவி அதில்தான் இருந்தது. சூட்டிலும் உராய்விலும் எழுத்து அழிந்துவிடும். அவசரத்துக்குப் பார்த்தால் 'பி'யா, '8'ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. அது முதல், கம்பெனிகள் விண்டோசோடு விற்கும் கம்ப்யூட்டர்களில் சாவியை மதர்போர்டில் உள்ள சில்லிலேயே எழுதிவிடுகிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி எறிந்தாலும் சாவி பலகையிலேயே இருக்கும். புது டிஸ்க்கில் அதே விண்டோசைப் போட்டால், சாவியைத் தானே படித்துக்கொள்ளும்.

2015-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்படி வாங்கியவர்களுக்குச் சாவி எண் என்று எதுவும் தரவில்லை. "இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமை உண்டு" என்று கம்பெனி தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. இதற்கு 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று பெயர்.

2016 ஆகஸ்டில் இன்னொரு வசதியும் வந்தது. அந்த உரிமையை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் பெயரிலும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டின் பெயரில் இருந்த பத்திரம் வீட்டுக்காரர் பெயரிலும் ஏறியது!

ஆகவே, டிஸ்க் மட்டும் செத்தது என்றால் உரிமை எங்கேயும் போகவில்லை.

முதலில் செய்ய வேண்டியது

விண்டோசுக்கு அவசரம் இல்லை. அது நாளைக்கும் கிடைக்கும். அடுத்த வாரமும் கிடைக்கும்.

படங்களுக்குத்தான் அவசரம்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். தட்டுக்கு மேலே ஒரு சிறு முனை மிதந்துகொண்டே எழுதும், படிக்கும். முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? தலைமுடியின் பருமனை ஆயிரக்கணக்கான கூறாக்கினால், அதில் ஒரு கூறுதான்!

1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். எடை 1 டன்னுக்கு மேல். அதில் 50 லட்சம் எழுத்துக்களைத்தான் வைக்க முடிந்தது. செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல படத்துக்கு அது இன்று பற்றுமா என்பதே சந்தேகம். வேலை செய்யும் விதத்தில் மட்டும் பெரிய மாறுதல் இல்லை. அன்றும் சுற்றும் தட்டு. இன்றும் சுற்றும் தட்டு.

"டக் டக்" சத்தம் வருகிறது என்றால், முனை தன் இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று அர்த்தம். அது தட்டைச் சுரண்டிக்கொண்டும் இருக்கலாம். சுரண்டிய இடத்தில் இருந்த படம் திரும்ப வராது. "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பது ரத்தம் ஒழுகும் காயத்தைத் தட்டிப் பார்ப்பது போல!

உடனே அணைத்துவிடுங்கள்.

சிலர் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிரிஜ்ஜில் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். உள்ளே ஈரம் படிந்துவிடும். சிலர் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அதுவும் கூடாது. காற்றில் மிதக்கும் ஒரு தூசி, முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியை விடப் பல மடங்கு பெரியது. பாறாங்கல் விழுந்தது போல் ஆகிவிடும்.

சத்தம் எதுவும் இல்லை, டிஸ்க் அமைதியாகச் சுற்றுகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் விஷயம் வேறு. கெட்டது டிஸ்க்கா, விண்டோஸ் மட்டுமா என்று பார்க்க வேண்டும். 'லினக்ஸ்' என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பலாம். அதற்குச் சாவியும் கிடையாது, பதிவும் கிடையாது. அதன் வழியாகப் படங்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, அப்புறம் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

இதில் 48 இலக்கம் கொண்ட இன்னொரு பூட்டும் உண்டு. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் டிஸ்க்கைச் சங்கேதமாக மாற்றி எழுதுகிறது. 'பிட்லாக்கர்' என்று அதற்குப் பெயர். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் "48 இலக்கச் சாவியைக் கொடு" என்று கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். செல்போன் மூலமாகவே அந்தக் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். கணக்கின் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். சாவி இல்லாமல் அந்தப் படங்களை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

வானத்தில் இருந்து விழுந்த டிஸ்க்

நிபுணர்கள் என்றால் எப்படிப்பட்டவர்கள்?

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி. அமெரிக்காவின் 'கொலம்பியா' விண்கலம் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தரை இறங்கச் சுமார் 16 நிமிடம் இருக்கும்போது, டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் அரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா. அன்று இந்தியாவே அழுதது.

அந்த விண்கலத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. செனான் என்ற வாயு குறிப்பிட்ட நிலையில் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறது என்று அளந்தார்கள். கணக்குகளில் ஒரு பகுதியைப் பறக்கும்போதே பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவை ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன.

சுமார் 6 மாதம் கழித்து, வறண்ட ஓர் ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் கிடைத்தது. கருகிய உலோகக் கட்டி! மூடியைச் சுற்றி இருந்த அடைப்பு உருகி, உள்ளே தூசி புகுந்திருந்தது.

அமெரிக்காவின் 'கிரோல் ஆன்ட்ராக்' கம்பெனியில் அதைக் கொடுத்தார்கள். ஜான் எட்வர்ட்ஸ் என்ற என்ஜினீயர் அதைப் பிரித்தார். சில்லுகள் எரிந்திருந்தன. ஆனால் தட்டுகள் வளையவில்லை. தட்டுகளை ரசாயனத்தால் கழுவி, புது டிஸ்க்கின் கூட்டுக்குள் பொருத்தினார். 100-க்கு 99 பங்கு தகவல் திரும்பக் கிடைத்தது!

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது 'டாஸ்' என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம். அது தகவல்களை அங்கும் இங்கும் இறைக்காமல் ஒரே பக்கமாக அடுக்கி வைத்திருந்தது. தூசி அரித்த பகுதியில் எதுவும் எழுதப்படவில்லை. அதே விண்கலத்தில் இருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் இருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

அந்த ஆராய்ச்சியின் முடிவு 2008-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது.

வீட்டு டிஸ்க்குக்கும் இப்படிப்பட்ட வைத்தியர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். தூசி நுழையாத அறையில் திறந்து, முனையை மாற்றிப் படிப்பார்கள். புது டிஸ்க்கின் விலையைப் போல் பல மடங்கு கேட்பார்கள். கொடுப்பதா, வேண்டாமா என்பதை உள்ளே இருக்கும் படங்களைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒன்று. அதற்கு முன்னால் யாரும் அந்த டிஸ்க்கில் விண்டோசை மறுபடி போட்டிருக்கக் கூடாது. பழைய எழுத்தின் மேல் புது எழுத்து எழுதிவிட்டால், வைத்தியருக்கும் வேலை இல்லை.

சாவியை எப்படித் திரும்பப் பெறுவது?

பழைய டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வைத்தாயிற்று. புது டிஸ்க் வாங்கியாயிற்று. இனி விண்டோஸ்.

இதற்கு இன்னொரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம். குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலியானதாக இருக்கட்டும். விண்டோசைப் பென் டிரைவில் இறக்குவதற்கான கருவியை மைக்ரோசாப்ட் கம்பெனியே தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. அந்த இடத்தில் இருந்துதான் இறக்க வேண்டும். வேறு இடத்தில் கிடைப்பதற்குள் என்ன புகுத்தியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை எழுப்பினால், விண்டோஸ் சாவி எண்ணைக் கேட்கும். பதற வேண்டாம். "என்னிடம் சாவி இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொடுங்கள். பொய் சொன்னதாக ஆகாது. பதிவு கம்பெனியிடம் இருக்கிறது அல்லவா?

அடுத்த கேள்வியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ஹோம் வேண்டுமா, புரோ வேண்டுமா?" என்று கேட்கும். புரோ பெரியதாயிற்றே என்று அதைத் தொட்டால் தீர்ந்தது! முன்பு ஹோம் இருந்தால் இப்போதும் ஹோம். முன்பு புரோ இருந்தால் இப்போதும் புரோ. மாற்றிப் போட்டால் உரிமை ஒட்டாது.

எந்த டிஸ்க்கில் போடுவது என்றும் கேட்கும். கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்தால் நிதானமாகப் பார்க்க வேண்டும். படம் இருக்கும் டிஸ்க்கைத் தவறிப்போய்த் துடைத்துவிட்டவர்கள் உண்டு. மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது உத்தமம்.

எல்லாம் முடிந்து இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்தால், விண்டோஸ் தானே கம்பெனியோடு பேசிக்கொள்ளும். பெரும்பாலும் அத்தோடு வேலை முடிந்தது. பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'ஆக்டிவேஷன்' என்று போக வேண்டும். அங்கே 'ஆக்டிவ்' என்று இருந்தால் நிம்மதி.

ஒட்டவில்லை என்றால் அதே இடத்தில் 'டிரபிள்ஷூட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, "சமீபத்தில் பாகம் மாற்றினேன்" என்ற பொருள்பட இருக்கும் வரியைத் தொட வேண்டும். உங்கள் பெயரில் உள்ள கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும். இது எது என்று காட்டினால் போதும்.

மதர்போர்டே எரிந்துபோய் மாற்றியவர்களுக்கும் இந்த வழிதான். ஆனால் அவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். வீடே மாறிவிட்டது அல்லவா? கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால், உரிமை அந்தப் பழைய பலகையோடு கட்டுப்பட்டது. கடையில் தனியாக வாங்கிய விண்டோஸ் என்றால், புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

அதுவரை கம்ப்யூட்டர் ஓடாதா? ஓடும். எக்ஸ்.பி. போல இப்போது கதவை அடைப்பது இல்லை. திரையின் ஓரத்தில், விண்டோசைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு மங்கலான எழுத்து நிற்கும். திரையின் பின்னணிப் படம் போன்ற அலங்காரங்களை மாற்ற விடாது. கடன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல. தொந்தரவு இல்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும்.

அந்த உறுத்தலைப் பயன்படுத்தித்தான் சிலர் பிழைக்கிறார்கள்!

மிக மலிவாகச் சாவி தருகிறோம் என்று விளம்பரம் வரும். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவிகளைச் சில்லறையில் விற்பவர்கள் உண்டு. இன்று வேலை செய்யும். கம்பெனி கண்டுபிடித்துவிட்டால் நாளை செல்லாது. இன்னும் சிலர் 'கிராக்' என்று ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். அது பூட்டை உடைக்கும் கள்ளச் சாவி. பூட்டை உடைத்தவன் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனான் என்பது, பாங்குக் கணக்கில் கை வைக்கும்போதுதான் தெரியும்.

"மைக்ரோசாப்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது" என்று டெலிபோன் வந்தால் வைத்துவிடுங்கள். கம்பெனி அப்படி வீட்டுக்கு வீடு டெலிபோன் செய்வது இல்லை.

டிஸ்க் சொல்லிக்கொண்டு சாகுமா?

சாவதற்கு முன் டிஸ்க் ஏதாவது எச்சரிக்கை கொடுக்காதா?

கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். டிஸ்க் தன் உடல் நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கூகுள் கம்பெனி தன்னிடம் இருந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து, 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. செத்த டிஸ்க்குகளில் 100-க்கு 36-க்கும் மேற்பட்டவை அந்தக் குறிப்பில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன!

சுற்றும் தட்டே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' வந்துவிட்டது. வேகம் அதிகம். கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அதுவும் சாகும். சாகும்போது "டக் டக்" என்ற சத்தம் கூட வராது.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே இரண்டு காரியம் செய்துவிடலாம். படங்களை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. அடுத்தது, 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். உரிமை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைந்திருப்பதாக அங்கே எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் இணைத்துவிடுங்கள். பிட்லாக்கரின் 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, பீரோவில் நிஜப் பத்திரங்களோடு வைக்கலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்குக் கம்பெனியின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிஸ்க் மாற்றும்போது பழையபடி 10-ஐயே போடுவதா, 11-க்குப் போவதா என்ற கேள்வி வரும். விண்டோஸ் 10-க்கு இருந்த உரிமை 11-க்கும் செல்லும். தனியாகப் பணம் கிடையாது. ஆனால் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வது இல்லை. புது டிஸ்க் வாங்குவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய டிஸ்க்கையும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாம்.